மிடில் பிளாக்கராகப் பிழைக்க முடியுமா? மொரிஷியஸ் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கத்ர் போர்ன், வக்வா பக்கம் மாலைக் கைப்பந்துப் (வாலிபால்) பயிற்சி முடியக் காத்திருக்கும் பெற்றோர் வாசலில் நின்று கேட்டவை இவை. சிலவற்றைப் பிள்ளைகளே கேட்டார்கள். பாதிப் பேர் கிரியோலில்தான் கேட்டார்கள், நான் தமிழில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப நின்றபடி பதில் சொல்வதைவிட, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மிடில் பிளாக்கர்னா யாரு? வலைக்கு நடுவுல நிக்கிறவர், அவ்வளவுதானே?

நிற்பது நடுவில்தான், வேலை இரண்டு ஓரத்துக்கும் உண்டு. களத்தின் அகலம் 9 மீட்டர். நடுவிலிருந்து இருபுறமும் 4.5 மீட்டர். எதிரணி செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) பந்தை எந்தப் பக்கம் தூக்கினாலும் நம் ஆள் அங்கே ஓடி, ஓரத்தில் நிற்கும் சக வீரரோடு தோளை ஒட்டிக் குதித்து, இரண்டு ஜோடிக் கைகளையும் ஒரே சுவராக்க வேண்டும். வேகமான பந்து என்றால் அதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. அதனால் நல்ல மிடில் பந்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பந்து, செட்டர், மறுபடி பந்து, கடைசியில் அடிக்க வருபவர் என்று அவர் கண் தாவிக்கொண்டே இருக்கும்.

அடுத்த வேலை அடிப்பது. செட்டருக்குப் பக்கத்திலேயே, பந்து அவர் கையை விட்டுக் கிளம்பும்போதே காற்றில் இருந்து அடிக்கும் குயிக். பெண்கள் ஆட்டத்தில் செட்டருக்குப் பின்னால் ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பி அடிக்கும் ஸ்லைடும் நிறையப் பார்க்கலாம்.

பையன் பின்வரிசைக்குப் போனதும் வெளியே உட்கார வைக்கிறாங்க. கோச்சுக்கு அவன்மேல என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை. வேறு நிறச் சட்டையில் ஒருவர் உள்ளே போகிறாரே, அவர் லிபரோ. பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே 1998-ல் வந்த இடம் அது. அவர் பிளாக் செய்யக் கூடாது, சர்வதேச விதிப்படி வலை உயரத்துக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் கூடாது. உயரமான மிடிலைவிடத் தரையோடு வரும் பந்தை அவர் நன்றாக எடுப்பார். அணியின் வழக்கமான ஆள்மாற்றக் கணக்கில் இது சேராது என்பதால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பையன் முன்வரிசையில் மூன்று இடங்களும் சுற்றி வந்து, சர்வீஸ் போட்டு, அந்த சர்வீஸை அணி இழந்ததும் வெளியே வருவான். சுற்று மறுபடி முன்வரிசைக்கு வரும்போது உள்ளே போவான். உலகக் கோப்பையிலும் இதே கதைதான். பெஞ்சில் இருக்கும் அந்த நேரத்தில் எதிரணி செட்டர் யாருக்குப் பந்து கொடுக்கிறார் என்று அவன் பார்க்கிறானா, தண்ணீர் குடித்துக்கொண்டு கதை பேசுகிறானா என்பதைக் கவனியுங்கள். அதைத்தான் கோச்சும் கவனிக்கிறார்.

மேட்ச் முழுக்கக் குதிக்கிறா. ஷீட்டைப் பார்த்தா நாலு புள்ளிதான் இருக்கு. இதுக்கா இத்தனை கஷ்டம்?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். நேராகவே சொல்கிறேன்: மிடில் பிளாக்கருக்குச் சம்பளம் கொடுப்பதே பந்து வராத குதிப்புகளுக்காகத்தான்.

உங்கள் மகள் ஓடிவந்து குயிக்குக்கு எழும்பும்போது, எதிரணி மிடில் அவளோடு சேர்ந்து குதித்தாக வேண்டும், அல்லது குதிக்கலாமா என்று கால் நொடி யோசிக்க வேண்டும். அந்தக் கால் நொடியில் செட்டர் பந்தை ஓரத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே அடிப்பவளுக்கு எதிரே இருவருக்குப் பதில் ஒருத்திதான் இருப்பாள். புள்ளி ஓரத்தில் அடித்தவள் பெயரில் விழும். அதைச் சம்பாதித்துக் கொடுத்தவள் பெயர் ஷீட்டில் எங்கும் இருக்காது. சும்மா ஒப்புக்குக் குதித்தால் எதிரணி இரண்டு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் பந்து தனக்கே வருகிறது என்ற மாதிரி கையை ஓங்கி வர வேண்டும். அலுப்பான வேலைதான்.

இன்னொன்று: குயிக் போட, எதிரணியிடமிருந்து வரும் பந்தை எடுத்துக் கொடுக்கும் முதல் பாஸ் செட்டர் கைக்கு வலையோரமாக வர வேண்டும். வலையைவிட்டு நாலைந்து மீட்டர் தள்ளி விழுந்தால் அந்த வழி ஏறக்குறைய மூடிவிடும். ஆக, பாஸ் மோசமான அணியில் எத்தனை நல்ல மிடிலும் அடிக்காமலே ஆட்டத்தை முடிப்பார். பிளாக்கிலும் அப்படித்தான். ஒரு செட்டுக்குச் சராசரியாக அரைப் புள்ளி எடுத்தாலே மேல்மட்டத்தில் நல்ல கணக்கு. பந்து விரலில் பட்டு மெதுவாகிப் பின்னால் இருப்பவர் எடுக்கிறாரே, அந்தத் தொடுகைக்குப் புள்ளி கிடையாது. அணியின் மூன்று தொடுகைகளிலும் அது சேராது. ஆனால் விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் தனித்தாளில் குறித்து வைப்பது அதைத்தான்.

எவ்வளவு உயரம் இருந்தா போதும்?

வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. மேல்மட்ட ஆண்கள் ஆட்டத்தில் மிடில்கள் பெரும்பாலும் 2 மீட்டரைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். பிரான்ஸின் நிக்கோலா லெ கோஃப் 2.06. பெண்களில் கொஞ்சம் இடம் இருக்கிறது. துருக்கி அணித்தலைவி எடா எர்டெம் 1.88 மீட்டர்தான். 2023-ல் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தைத் தூக்கிய அணி அவருடையது.

1.90 உயரப் பையன் நம் தீவில் நடுவில் நின்று ராஜா மாதிரி விளையாடலாம். ஐரோப்பாவில் அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். 14 வயதில் வகுப்பிலேயே உயரமானவன் என்பதற்காக ‘நீ மிடில்தான்’ என்று முத்திரை குத்தி, பாஸ் எடுக்கவே கற்றுக்கொடுக்காமல் விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வளர்ச்சி 1.88-ல் நின்றுவிட்டால் அவன் கையில் ஒன்றும் இருக்காது.

முட்டிக்குக் கீழே வீங்கியிருக்கு, வலிக்குதுங்கிறான். வளர்ற வயசு, சரியாப் போயிடும்னு விட்டுடலாமா?

வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு துருத்தினாற்போல் வரும் வலி சகஜம். தசைநார் எலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் வரும் இழுவை அது. குதிப்பைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் ‘விட்டுவிடுவது’ என்றால் குதிப்பை விடுவது, வலியைக் கண்டுகொள்ளாமல் விடுவதல்ல. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு வருவது வேறு. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் தேய்ந்து வரும் வலி அது. நார்வேயின் உயர்மட்ட வீரர்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கைப்பந்து வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு அந்தத் தொந்தரவு இருந்தது. மேலே சொன்ன வெறும் குதிப்புகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் முழங்கால்தான். நல்ல கிளப்புகள் ஒருவர் வாரத்துக்கு எத்தனை முறை குதிக்கிறார் என்று எண்ணுகின்றன. கணுக்கால் கதை தனி. வலைக்கடியில் எதிராளியின் பாதம் நடுக்கோட்டை ஒட்டி இருக்கும், அதன்மேல் இறங்கினால் சுளுக்கு. இரண்டு காலில் இறங்கப் பழக்குவது சின்ன வயதிலேயே நடக்க வேண்டிய காரியம்.

தம்பி மிருதங்கம் கத்துக்கிறான். பிளாக் பண்ணி விரல் போயிடுமா?

போகாது என்று சத்தியம் செய்ய முடியாது. மிடில்களின் விரல் மூட்டுகள் காலப்போக்கில் தடிப்பது உண்மை. சுளுக்கு வருவது பெரும்பாலும் விரல்களைத் தளர்வாக வைத்துக்கொண்டு, கையைத் தாமதமாகத் தூக்குபவர்களுக்கு. விரல்களை விரித்து விறைப்பாக, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, கையை வலைக்கு மேலே எதிர்ப்பக்கம் நீட்டி வைத்தால் பந்து உள்ளங்கையில் மோதும். மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்து டேப் சுற்றிக்கொள்வது வழக்கம். மூட்டை விட்டுவிட்டு மேலும் கீழும் ஒவ்வொரு சுற்று போதும். இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துவிடும். அரங்கேற்றம் வைத்திருந்தால் அந்த மாதம் பிளாக் பயிற்சி வேண்டாம், அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறோம். பத்து நாள் விரதத்துல பயிற்சிக்கு வரலாமா?

வரலாம். மீன், கறி, முட்டை இல்லாமல் பத்து நாள் இருப்பதால் உடம்பு ஒன்றும் இளைத்துவிடாது. பருப்பு, கடலை, டோஃபு, விரத முறை அனுமதித்தால் தயிர் என்று வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவே. ஒரு பொழுது மட்டும் சாப்பிடுபவர்கள் அந்த நாட்களில் குதிக்கும் பயிற்சியை விட்டுவிட்டு சர்வீஸ், பாஸ் மட்டும் செய்யட்டும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தண்ணீர்தான் முக்கியம்.

காவடி நாளுக்குப் பிறகுதான் கவனம் வேண்டும். கோர் த கார்ட் மலையடிக் கோயிலுக்குத் தகிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்த பாதம் கொப்பளித்திருக்கும். கொப்பளம் ஆறும்வரை ஷூ போட்டுக் குதிக்கச் சொல்லும் கோச்சிடம் நீங்களே பேசலாம். வெளிநாட்டு கிளப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: ஐரோப்பாவில் அக்டோபர் முதல் ஏப்ரல், மே வரை சீசன். தைப்பூசம் நட்ட நடுவில் வரும். விடுப்பு கிடைக்காது.

இங்கேயே இருந்து இதைத் தொழிலா வச்சுக்க முடியுமா?

முடியாது. மொரிஷியஸில் தொழில்முறை லீக் இல்லை. இங்கே விளையாடுபவர்கள் பகலில் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். ஒலிம்பிக் தங்கத்தை 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் ஆண்கள் பிரிவில் பிரான்ஸ் வென்றதைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு ஆசை வந்திருக்கிறது. நல்லதுதான். அந்த ஊருக்குப் போகும் வழியில் முதல் படி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. ரீயூனியன் கிளப்புகள் பிரெஞ்சு சம்மேளனத்தின் கீழ் விளையாடுகின்றன, விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். அங்கே ஒரு சீசன் ஆடினால் பிரான்ஸில் கேட்கும்போது சொல்ல ஒரு முகவரி கிடைக்கும், காட்ட வீடியோ கிடைக்கும்.

அப்போ எச்.எஸ்.சி.யை விட்டுட்டு 17 வயசுலயே அனுப்பிடலாமா?

வேண்டாம். மிடில் பிளாக்கர் மெதுவாகப் பழுக்கும் இடம். எதிரணி செட்டரைப் படிக்கும் கண் ஆடி ஆடித்தான் வரும். 17-ல் போகாததால் கதவு மூடிவிடாது, எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் பல கதவுகள் மூடிவிடும்.

பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக வழியும் இருக்கிறது. அங்கே முதல் பிரிவிலேயே 300-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள், உதவித்தொகையோடு. ஆண்கள் அணிகள் மிகச் சொற்பம். இந்த வழியை நினைத்திருந்தால் அதற்கு முன் எந்த கிளப்பிலும் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரி ஆட்டத் தகுதியில் சிக்கல் வரலாம்.

வெளிநாட்டு கிளப்ல மிடிலுக்குன்னு இடம் இருக்கா?

குறைவு. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பல லீக்குகள் வெளிநாட்டவருக்கு வரம்பு வைத்திருக்கின்றன. இத்தாலியின் மேல் லீக்கில் ஆண்கள் அணி எந்நேரமும் மூன்று இத்தாலியர்களைக் களத்தில் வைத்திருக்க வேண்டும். கிடைக்கும் வெளிநாட்டு இடங்களைக் கிளப் முதலில் யாருக்குக் கொடுக்கும்? வலது ஓரத்தில் நின்று அதிகம் புள்ளி அடிக்கும் ஆப்போசிட்டுக்கும் இடது ஓரத்து அட்டாக்கருக்கும். மிடில் இடத்தை உள்ளூர் ஆளை வைத்து நிரப்பிவிடலாம் என்பதே பொதுவான கணக்கு. புள்ளி ஷீட்டைப் பற்றி மேலே சொன்னேனே, அதன் விலை இங்கே தெரியும்.

அதனால் முதல் ஒப்பந்தம் இரண்டாம், மூன்றாம் நிலை அணியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் வீடியோவில் அடித்த பந்துகளை மட்டும் வெட்டி ஒட்டாமல், வெட்டாத முழு செட் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மிடிலைத் தேடும் பயிற்சியாளர் பார்க்க விரும்புவது இரண்டு பந்துகளுக்கு இடையே அவர் என்ன செய்கிறார் என்பதை.

ஃபேஸ்புக்ல ஒரு ஏஜென்ட் பேசினார். ‘ரெஜிஸ்ட்ரேஷன்’னு முன்பணம் கேக்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். ஏஜென்ட் சம்பாதிப்பது ஒப்பந்தம் முடிந்த பிறகு கிடைக்கும் கமிஷனில். சர்வதேசக் கைப்பந்து சம்மேளனம் ஏஜென்டுகளுக்கு உரிமம் வழங்குகிறது, அதன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து ஒரு வரியாவது வந்ததா என்றும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் பேச்சை முடித்துவிடலாம்.

ஒப்பந்தம் வந்தாச்சு. பெட்டி கட்ட வேண்டியதுதானே?

இன்னும் இல்லை. வேலை விசா ஒன்று, ஐ.டி.சி. எனப்படும் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் இன்னொன்று. வீரர், புதிய கிளப், அந்த நாட்டுச் சம்மேளனம், நம் நாட்டுச் சம்மேளனம் என நால்வரும் ஒப்புக்கொண்டால்தான் அது வரும். அது இல்லாமல் அதிகாரபூர்வ ஆட்டத்தில் இறங்கினால் வீரருக்கும் கிளப்புக்கும் தண்டனை. உங்கள் பக்கத்துக் கையெழுத்து தாமதமானால் கிளப் காத்திருக்காது, வேறு மிடிலைப் பார்த்துவிடும். எனவே உள்ளூர் கிளப்போடு முகம் கோணாமல் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ‘சொல்லாமல் போய்விடலாம்’ என்பது இந்த விளையாட்டில் நடக்காது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை மாதச் சம்பளம் (பெரும்பாலும் சீசனுக்கு மட்டுமே, 12 மாதத்துக்கு அல்ல), வீடு உண்டா, விமான டிக்கெட் யார் செலவு, காயம்பட்டால் சம்பளம் தொடருமா, அறுவை சிகிச்சையை யார் ஏற்பார்கள். கடைசி இரண்டும் மிடிலுக்கு மற்ற எல்லோரையும்விட முக்கியம். ஏன் என்று முழங்கால் பதிலில் இருக்கிறது.

சம்பளம் நல்லா இருக்குமா?

மேல்மட்டத்தில் நன்றாகவே இருக்கும், ஆனால் அதே அணியின் நட்சத்திர ஆப்போசிட்டைவிடப் பொதுவாகக் குறைவு. கீழ் நிலைகளில் தங்க ஒரு வீடு, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவான் என்று முதல் இரண்டு சீசனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

சென்னைல லீக் நடக்குதே. நாம தமிழர்தானே, எடுப்பாங்களா?

2022-ல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கைச் சொல்கிறீர்கள், சென்னை பிளிட்ஸ் அதில் ஓர் அணி. ஆண்களுக்கான லீக் அது. மொரிஷியஸ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே வெளிநாட்டு வீரர்தான். அந்த இடங்கள் அணிக்கு இரண்டு என்பது வழக்கம், அதற்குப் பெரிய பெயர்களைத்தான் தேடுவார்கள். தமிழ் பேசுவது விடுதிச் சாப்பாட்டு மேசையில் உதவும், தேர்வில் உதவாது.

இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டுக்குக் கூப்பிட்டா கிளப் விடுமா?

தர்மசங்கடமான இடம் இது. 1979-ல் ரீயூனியனில் தொடங்கிய இந்த விளையாட்டுகள் நமக்கு எவ்வளவு பெரியவை என்று ஐரோப்பிய கிளப்புக்குத் தெரியாது. 2019-ல் நம் நாட்டில் ஜூலையில் நடந்ததால் இடைஞ்சல் குறைவு. 2015-ல் ரீயூனியனிலும் 2023-ல் மடகாஸ்கரிலும் ஆகஸ்டை ஒட்டி நடந்தன. ஐரோப்பாவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்குவதும் அந்த மாதம்தான். புது மிடிலும் செட்டரும் குயிக்குக்கு நேரம் பழகுவது அந்த வாரங்களில், அதைத் தவறவிட்டவர் அக்டோபரில் பெஞ்சில் இருப்பார். விளையாட்டு நடக்கும் ஆண்டென்றால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், வாழ்நாளில் ஒருமுறையாவது சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன் ஆட வேண்டும் என்பேன். ஆனால் அந்தச் சம்பளத்தில் வாழப்போவது நானில்லை.

ஒருதடவை மிடில்னா கடைசி வரைக்கும் மிடில்தானா?

2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள். பிரேசிலிடம் ரஷ்யா முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டது. பயிற்சியாளர் விளாதிமிர் அலெக்னோ, 2.18 மீட்டர் உயர மிடில் திமித்ரி முசெர்ஸ்கியை ஆப்போசிட் இடத்துக்கு மாற்றினார். மூன்றாம் செட்டில் பிரேசில் தங்கத்துக்கான கடைசிப் புள்ளிவரை வந்துவிட்டது. அதையும் தாண்டி 29-27 என்று ரஷ்யா எடுத்தது, பிறகு 25-22, 15-9. முசெர்ஸ்கி அன்று 31 புள்ளிகள். 2018-ல் ஜப்பானின் சன்டோரி கிளப்புக்குப் போன பிறகும் ஆப்போசிட்டாகவே ஆடினார்.

இது எல்லோருக்கும் நடக்காது. அவருக்கு உயரப் பந்தை அடிக்கும் கை முன்பே இருந்தது. பெரும்பாலான மிடில்கள் குயிக்கை மட்டுமே அடித்துப் பழகி, உயரமாக வரும் பந்தின் முன் தடுமாறுவார்கள். 14 வயதுப் பையனுக்கு எல்லாம் கற்றுக்கொடுங்கள் என்று உயரக் கேள்வியில் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பொண்ணு விளையாடட்டும். ஆனா கல்யாணம், குழந்தைன்னு வந்தா எல்லாம் முடிஞ்சுதானே?

ஜப்பானின் மிடில் எரிகா அராக்கி 2012 லண்டனில் அணித்தலைவியாக வெண்கலம் வாங்கினார். 2014-ல் குழந்தை பெற்றார், 2016 ரியோவில் ஆடினார், டோக்கியோவில் மறுபடி அணித்தலைவி. அமெரிக்க மிடில் ஃபொலுகே குண்டர்சன் 2019 இறுதியில் தாயாகி, 2021-ல் டோக்கியோவில் தங்கம் வாங்கினார். முடியும் என்பதற்கு இது போதும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்வியை மாப்பிள்ளை வீட்டாரிடமும் கேட்கலாம், மகளிடம் மட்டும் கேட்க வேண்டியதில்லை.

எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்? அப்புறம் என்ன வேலை கிடைக்கும்?

முழங்கால் ஒத்துழைத்தால் முப்பதுகளின் நடுவரை. பிரேசிலின் லூக்காஸ் சாட்காம்ப் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடும்போது அவருக்கு 38. வயதாக ஆகக் குதிப்பு குறையும், எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவது கூடும். அதனால் மிடில்கள் சிலர் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் தாங்குகிறார்கள்.

அப்புறம்? எதிரணியைப் படித்துப் பழகியவர்களுக்குப் பயிற்சியாளர் வேலையும் ஆட்ட வீடியோவைப் பகுத்துப் பார்க்கும் வேலையும் பொருந்தி வரும். 1990, 1994, 1998 என மூன்று முறை உலகச் சாம்பியனான இத்தாலிய மிடில் ஆந்த்ரேயா கார்தினி பிறகு பயிற்சியாளராகத்தான் பெயர் எடுத்தார். ஆனால் இந்த வேலைகளுக்கு ஆடும் காலத்திலேயே பயிற்சியாளர் சான்றிதழில் முதல் நிலையாவது முடித்திருக்க வேண்டும். சீசன் முடிந்து ஊருக்கு வரும் மே, ஜூன் மாதங்கள் அதற்குத் தோதானவை. அந்த மாதங்களில் சம்பளம் வராது என்பதையும் முன்பே எழுதியிருக்கிறேன், ஆகவே கையில் சேமிப்போடு வரச் சொல்லுங்கள்.